பேஸ்மென்டில் கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு எந்த விளக்கு போதும்?

கேள்வி: முற்றத்துமல்லி (ஸ்காபரோ, கனடா)

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகப் பின்வளவில் கத்தரியும் பச்சை மிளகாயும் வைத்து வருகிறேன். மே மாதக் கடைசியில் நாற்றுகளைக் கடையில் வாங்கி நடுவதே இதுவரை வழக்கமாக இருந்தது. அங்கே கிடைப்பதெல்லாம் தடித்த தோலுள்ள பெரிய கருங்கத்தரி. பால்கறிக்கு ஏற்ற, வெளிர் ஊதாவில் வெள்ளை வரி ஓடும் நீட்டுக் கத்தரிதான் எனக்கு வேண்டும். அதன் விதையை உறவினர் ஒருவர் தம்முடைய தோட்டத்தில் முற்றவிட்டு எடுத்துத் தந்தார். எனவே இந்த ஆண்டு நாற்றையும் நானே போடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பேஸ்மென்டில் ஒரேயொரு சிறிய யன்னல், அதுவும் வடக்குப் பக்கமாக உள்ளது. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள கம்பித் தட்டொன்றில் நாற்றுத் தட்டங்களை வைத்து, இணையத்தில் வாங்கிய ஊதா நிற விளக்கொன்றை அவற்றுக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டேன். பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருந்தது. காலை 9 மணிக்குப் போட்டு மாலை 5 மணிக்கு அணைத்துவிடுவேன். பெப்ரவரி 18ஆம் திகதி விதைத்தவை ஒன்பதாம் நாளே முளைத்தன. ஆனால் அடுத்த பத்து நாளில் தண்டு தையல் நூல்போல இழுபட்டு என் சுண்டுவிரலைவிட நீண்டது. உச்சியில் இரண்டு விதையிலைகள் மட்டும் சிறிய குடைபோல நின்றன. மூன்றாம் இலை வரவேயில்லை. போன சனிக்கிழமை மெல்லத் தெளித்த தண்ணீருக்கே ஒரு வரிசை முழுவதும் மண்ணில் படுத்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு மிகவும் மனவருத்தமாக இருந்தது.

இன்னும் இருபத்தைந்து விதைகள் வரை கையில் இருக்கின்றன, அவற்றையும் இழக்க விருப்பமில்லை. பிழை விளக்கிலா, நான் அதைப் பயன்படுத்திய விதத்திலா? கராஜில் மாட்டும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கு போதுமென்று சிலர் சொல்கிறார்கள், செடிகளுக்கென்றே விற்கும் விளக்குத்தான் வேண்டுமென்று வேறு சிலர் சொல்கிறார்கள். நூறு டாலருக்குள் முடிக்க வேண்டும். இன்று மார்ச் 10, மறுபடி விதைக்கக் காலம் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: மின்கம்பி (மார்க்கம்)

வணக்கம் சகோதரி. நான் மின்வேலை செய்பவன், வீட்டில் மிளகாயும் வளர்க்கிறேன். உங்கள் கத்தரிக்கு நேர்ந்தது ஒளிப் பஞ்சம். அதற்குக் காரணம் விளக்கின் நிறம் அல்ல. ஒளியின் அளவு குறைவு, விளக்கு இருந்த உயரம் அதிகம், எரிந்த நேரம் குறைவு.

பெட்டியில் இருந்த 1000 வாட்டை முதலில் மறந்துவிடுங்கள். பழைய வகை விளக்கொன்றுக்கு ஈடானது என்று விற்பவர் சொல்லிக்கொள்ளும் கணக்கு அது, விளக்கு உண்மையில் இழுக்கும் மின்சாரம் வேறு. விளக்கின் பின்புறத்திலோ அதன் அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைப் பாருங்கள். 45 அல்லது 100 வாட் என்று அங்கே இருக்கக்கூடும். கடையில் எந்த விளக்கை வாங்கும்போதும் அந்த எண்ணைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

லூமன் என்பதையும் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. அது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சை ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் உணர்வதால், அந்த உணர்வுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. செடி பயன்படுத்துவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்களை. அதை ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகிறது என்று அளப்பார்கள். காய்கறி நாற்றுக்கு 150 முதல் 250 வரை இருந்தால் நல்லது. வெயில் எறிக்கும் கோடை நண்பகலில் வெளியே இது 2000 அளவுக்குப் போகும். நன்றாக வெளிச்சம் இருப்பதாக நாம் நினைக்கும் வரவேற்பறையிலோ பத்தைக்கூடத் தொடாது. நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. பேஸ்மென்டில் நாற்று வைப்பவர்கள் பலர் ஏமாறுவதற்கு இதுவே முதற் காரணம்.

அடுத்தது நேரம். மழை எவ்வளவு வலுவாகப் பெய்கிறது என்பது ஒன்று, பொழுது சாயும்போது குளத்தில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது வேறு. நாற்றின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது, குளத்தில் சேர்ந்த நீரைப்போல, நாள் முழுவதும் சேர்ந்த ஒளிதான். 200 மைக்ரோமோல் ஒளி 16 மணி நேரம் கிடைத்தால் ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டரில் 11.5 மோல் சேரும் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). திடமான கத்தரி நாற்றுக்கு 10 முதல் 15 மோல் வரை வேண்டும். நீங்கள் 8 மணி நேரமே கொடுத்தீர்கள், அதுவும் இரண்டடி உயரத்திலிருந்து. நாலில் ஒரு பங்காவது கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

சாதாரண வெள்ளை விளக்கு போதுமா என்று கேட்டீர்கள், போதும். நாலடி நீளமுள்ள, 40 வாட் இழுக்கும், 4500 லூமன் அளவு தரும், 5000 கெல்வின் (வெள்ளை ஒளியின் நிறச் சாயலைக் காட்டும் எண்) என்று குறித்திருக்கும் எல்.இ.டி. கராஜ் விளக்குகள் இரண்டு வாங்குங்கள். உங்கள் தட்டின் பரப்பு ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். இரண்டு விளக்கும் சேர்ந்து தரும் 9000 லூமனில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் சிதறிப்போனாலும், வெள்ளை எல்.இ.டி. ஒளியில் 68 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன் அளவு) ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலுக்குச் சமம் என்ற கணக்கில் 160 மைக்ரோமோல் வரை நாற்றின் மேல் விழும். பக்கங்களில் வெள்ளை அட்டை நிறுத்தினால் அது இன்னும் கூடும்.

வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிறு சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு அலைகளாக மாற்றுவதால் எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே நீலம் அதில் இயல்பாகவே இருக்கிறது, கெல்வின் எண் கூடக்கூட அதன் பங்கும் கூடும். தண்டு நெடுகி வளராமல் அடக்குவது அந்த நீலம்தான். அத்தகைய நீலச் சில்லை உருவாக்கிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் என் தட்டில் விளக்கைப் போடும்போது அவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பச்சை ஒளி செடிக்கு வீண் என்பதும் சரியல்ல. மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே, பயிர்களின் இலைகள் பச்சை ஒளியையும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாகப் பயன்படுத்துவது தெளிவாகிவிட்டது. ஊதா விளக்கின் கீழ் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பூத்தாலும் பூச்சி பிடித்தாலும் கண்ணில் படாது. வெள்ளை விளக்கை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மின்செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 80 வாட்டை 16 மணி நேரம் எரித்தால் நாளுக்கு 1.28 கிலோவாட் மணி ஆகும், எழுபது நாளைக்கு 90 அளவு. கிலோவாட் மணிக்குச் சராசரியாக 12 சதம் என்று வைத்தால் 11 டாலர்தான் வருகிறது. ஒன்ராறியோவில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த கட்டணம் உள்ள திட்டத்தில் நீங்கள் இருந்தால், விளக்கு எரியும் நேரத்தை இரவுப் பக்கம் தள்ளி வைக்கலாம். பேஸ்மென்டில் இருக்கும் செடிக்கு எது பகல், எது இரவு என்பதை முடிவு செய்வது நீங்கள்தான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே தட்டில் இருக்கின்றன. விளக்கின் வயரைப் பிளக்குக்குக் கீழே தாழ விட்டு, பிறகு மேலேற்றிச் செருகுங்கள். வயர் வழியே வழியும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே தானாக நிறுத்தும் பிளக்கில் மட்டும் செருகுங்கள். பழைய குழல்விளக்குச் சட்டம் வீட்டில் இருந்து, அதில் எல்.இ.டி. குழாய் மாட்ட நினைத்தால், அந்தக் குழாய் பழைய சோக்கோடு வேலை செய்யும் வகையா, சோக்கைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். மாறிப்போனால் ஆபத்து.

பதில் 2: கீரைப்பாத்தி (பிரம்ரன்)

அன்புத் தங்கைக்கு, மனம் தளர வேண்டாம். நான் கனடா வந்து முதல் இரண்டு ஆண்டும் யன்னலோரத்தில் நாற்றுப் போட்டு இதே துன்பத்தைப் பட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய நாளில்கூடப் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும், வெயிலும் உச்சியிலிருந்து விழும். ரொறன்ரோவில் டிசம்பரின் குறுகிய நாளுக்கு 9 மணி நேரம்கூட இல்லை. பெப்ரவரிக் கடைசியில் பகல் 11 மணி நேரத்தை எட்டினாலும் சூரியன் சாய்வாகத்தான் நிற்கிறது, பல நாட்கள் முகில் மூடிக்கிடக்கிறது. ஊரில் வளவின் மூலையில் தூவினாலே எழும்பிய கத்தரி இங்கே நம்மிடம் வெளிச்சம் கேட்டு நிற்கிறது.

விளக்கை எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் எல்லோருக்கும் பயம். கராஜ் விளக்கு என்றால் நாற்றின் உச்சிக்கு மேலே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15 முதல் 20 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். அந்த உயரத்தில் உங்கள் புறங்கையை அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் இலைக்கும் கேடில்லை. பழைய குழல்விளக்கை இன்னும் தாழ்த்தலாம். வலுவான செடி விளக்குகளை அப்படித் தாழ்த்தினால் இலை வெளிறிப் போகும், அவற்றை அவர்களின் குறிப்பில் உள்ள உயரத்தில் வைக்க வேண்டும். விளக்கைச் சங்கிலியில் மாட்டுங்கள், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக உயர்த்தலாம். நான் இன்றுவரை தட்டங்களுக்குக் கீழே பழைய பெட்டிகளை அடுக்கி, செடி வளரும்போது ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறேன். அதுவும் நன்றாக வேலை செய்கிறது.

முளை தலைகாட்டிய அன்றே விளக்குப் போட வேண்டும். கத்தரி மண்ணைக் கிளப்பும்போது தண்டு கொக்கிபோல வளைந்து நிற்கும், வெளிச்சம் பட்டதும் அது நிமிரும். வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டால், அந்த இரண்டு நாளில் இழுபட்ட தண்டு பிறகு குறுகாது. தக்காளியானால் கழுத்துவரை ஆழமாக நட்டுச் சமாளிக்கலாம், தண்டிலிருந்து வேர் விடும். கத்தரியிலும் மிளகாயிலும் அதை நம்ப முடியாது.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். நான்கு இலை வந்த பிறகு, காலையும் மாலையும் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெல்ல ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் பத்துத் தடவை தடவி விடுங்கள். காற்றில் அசைந்த செடிபோலத் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வரும். சிறிய மின்விசிறியைத் தூரத்தில் வைத்தாலும் இதே பலன்தான், மண்ணின் மேற்பரப்பும் காயும். தண்ணீரை மேலே தெளிக்காமல் தட்டத்தின் அடியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். போன சனிக்கிழமை விழுந்த நாற்றுகளில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண் மட்டத்தில் தண்டு தண்ணீர் ஊறியதுபோல ஒடுங்கியிருந்தால் அது வெளிச்சக் குறையோடு நாற்றழுகலும் சேர்ந்தது. அந்த மண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள், தட்டத்தையும் கழுவிக் காயவிடுங்கள்.

காலம் தாராளமாக இருக்கிறது. கத்தரி நாற்றுக்கு எட்டு முதல் பத்துக் கிழமை போதும். மே மாதத்தில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குத் தக்காளி வைத்துவிடுவார்கள், ஆனால் கத்தரியை நான் யூன் முதற் கிழமைக்கு முன் வெளியே வைப்பதில்லை. இரவுக் குளிர் 12 பாகைக்குக் கீழே போனால் அது அப்படியே விறைத்து நின்றுவிடும். ஆகவே இப்போது விதைத்தாலும் நேரம் மிச்சம்.

பதில் 3: குழித்தட்டு (வாட்டர்லூ)

வணக்கம் அக்கா. நான் ஓசூர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டுகளை அடுக்குவோம், எங்கள் கவலையெல்லாம் வெளிச்சத்தைக் குறைப்பதுதான். இங்கே அதே கத்தரி விதைக்கு வெளிச்சத்தைக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. முன்னவர்கள் சொன்ன இரண்டும் சரி. ஆனால் வெப்பத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை விளக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கத்தரியும் மிளகாயும் முளைப்பதற்கு மண் 25 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். பல பேஸ்மென்டுகளில் மார்ச் மாதம் 17, 18 டிகிரிதான். உங்களுக்கு ஒன்பது நாளில் முளைத்திருக்கிறது என்றால், நாற்றுக்கான வெப்ப விரிப்போ பக்கத்தில் ஹீட்டரோ இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முளைக்கும்வரை அந்தச் சூடு நல்லது. முளைத்த பிறகும் அதைத் தொடர்ந்து கொடுத்து வெளிச்சத்தை மட்டும் குறைவாகக் கொடுத்தால், செடி அவசரமாக நீளும், ஆனால் அந்த வளர்ச்சிக்கு வேண்டிய உணவை அதனால் தயாரிக்க முடியாது. நூல்போன்ற தண்டு வருவது அப்படித்தான். ஆகவே முக்கால்வாசி விதை முளைத்ததும் விரிப்பை எடுத்துவிடுங்கள். பகலில் 21 முதல் 24, விளக்கு அணைந்த நேரத்தில் 18 டிகிரி என்று இருந்தால் போதும். எல்.இ.டி. விளக்கு தட்டைப் பெரிதாகச் சூடாக்காது என்பதால், குளிர்ந்த பேஸ்மென்டில் அந்தப் பகல் வெப்பம் கிடைக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது அவசியம்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 16 மணி நேரம் நல்லது என்றால் 24 மணி நேரம் இன்னும் நல்லதாக இருக்குமே என்று நினைத்து அணைக்காமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். தக்காளியும் கத்தரியும் இடைவிடாத வெளிச்சத்தைத் தாங்காத பயிர்கள், சில நாட்களிலேயே இலை நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுகள் வரும். அதைச் சத்துக்குறை என்று நினைத்து உரம் போடுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். 6 முதல் 8 மணி நேரமாவது முழு இருட்டு வேண்டும். பத்துப் பதினைந்து டாலருக்கு டைமர் கிடைக்கும், மறக்காமல் வாங்குங்கள்.

வளர்ப்பு ஊடகமாகத் தென்னை நார்க்கழிவு போட்டிருந்தால், அதில் சத்து எதுவும் பெரிதாக இல்லை. விதையிலைகளுக்கு அடுத்து வரும் முதல் உண்மையான இலை விரிந்ததும் உரக் கரைசலைக் குறிப்பில் உள்ளதில் கால் பங்கு வலுவில் வாரம் ஒருமுறை கொடுங்கள். வெளிச்சம் கூடும்போது நாற்றின் பசியும் கூடும்.

முற்றத்துமல்லி (ஸ்காபரோ)

அண்ணா, அக்கா, தம்பி, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்கின் பின்புறச் சீட்டைப் பார்த்தேன், 48 வாட் என்றுதான் இருக்கிறது. தம்பி ஊகித்ததும் சரி, வெப்ப விரிப்பை நான் எடுக்கவே இல்லை. விழுந்த நாற்றுகளின் அடித்தண்டு ஒடுங்கி நிறம் மாறியிருந்ததால் அவற்றை மண்ணோடு எறிந்துவிட்டேன்.

இரண்டு வெள்ளை விளக்குகளும் டைமரும் சங்கிலியும் வரியோடு சேர்த்து 93 டாலரில் முடிந்தன. 15 விதைகளை மறுபடி போட்டிருக்கிறேன், பத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறேன். தொலைபேசியில் ஒளி அளக்கும் செயலியைப் போட்டுத் தட்டின் மீது வைத்துப் பார்த்தேன். விளக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது நடுவில் 13,000 லக்ஸ் காட்டுகிறது, இரு ஓரங்களிலும் 7000 மட்டுமே. பழைய ஊதா விளக்கின் கீழே மிகக் குறைவாகக் காட்டியது. இந்த எண்களை நம்பலாமா? ஓரத்தில் இருக்கும் நாற்றுகளுக்கு என்ன செய்வது?

மின்கம்பி (மார்க்கம்)

ஊதா விளக்கின் எண்ணை நம்ப வேண்டாம், லக்ஸ் அளவி மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. வெள்ளை விளக்குக்குத் தொலைபேசி காட்டுவது துல்லியமாக இராவிட்டாலும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடப் போதுமானது. நடுவில் 190 மைக்ரோமோல் அளவும் ஓரத்தில் 100 அளவும் கிடைக்கிறது. 16 மணி நேரத்தில் நடுவில் உள்ளவை 11 மோல் பெறும், ஓரத்தில் உள்ளவை 6 மோலோடு நின்றுவிடும். விளக்குகளை ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடையில் முக்கால் அடி விட்டு அகற்றுங்கள், பிறகு மறுபடி அளந்து எழுதுங்கள்.

கீரைப்பாத்தி (பிரம்ரன்)

அதோடு தட்டின் நீண்ட பக்கங்கள் இரண்டிலும் வெள்ளை நுரை அட்டையை விளக்கின் விளிம்பு வரை உயர்த்திக் கட்டுங்கள், டாலர் கடையிலேயே கிடைக்கும். குறுகிய பக்கங்களைத் திறந்து விடுங்கள், காற்றோட்டம் வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டங்களை இடம் மாற்றி, திசையும் திருப்பி வையுங்கள். தக்காளியும் போடுவதாக இருந்தால் அதை ஓரத்தில் வைத்துக் கத்தரியை நடுவில் விடுங்கள், தக்காளி நெடுகினாலும் ஆழமாக நடலாம்.

மே நடுப்பகுதியில் நாற்றுகளை வெளியே பழக்கும் வேலை இருக்கிறது. விளக்கின் கீழே 200 மைக்ரோமோல் பார்த்த இலை திடீரென்று 2000ஐத் தாங்காது, ஒரே நாளில் வெள்ளையாகக் கருகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், பிறகு காலை வெயில் என்று எட்டு, பத்து நாளுக்கு இழுத்துச் செய்ய வேண்டும். மூன்றாம் இலை வந்ததும் ஒரு படம் போடுங்கள் தங்கச்சி.